கை படாமல் ஓடிய படகு!

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது புளியங்குடி. எலுமிச்சம்பழத்துக்குப் பேர் போன ஊர். ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்தால் குளங்கள் நிரம்பும். குளம் நிரம்பினால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். நோட்டுப் புத்தகத்தில் தாளைக் கிழித்துக் கப்பல் செய்வார்கள். தண்ணீரில் விடுவார்கள். அந்தக் கப்பல் அவர்கள் நினைத்த பக்கம் போகாது. காற்று தள்ளிய பக்கம் போகும். கொஞ்ச நேரத்தில் நனைந்து கவிழ்ந்துவிடும்.

கரையில் நின்றபடியே அந்தக் கப்பலைத் திருப்ப முடியுமா? வா என்றால் வரவும், நில் என்றால் நிற்கவும் செய்ய முடியுமா? கயிறு கட்டக்கூடாது. கம்பி கட்டக்கூடாது. கையால் தொடவும் கூடாது!

முடியும் என்று 1898-ம் ஆண்டிலேயே ஒருவர் செய்து காட்டினார். அவர் பெயர் நிக்கோலா டெஸ்லா. உலகம் கண்ட பெரிய விஞ்ஞானிகளில் ஒருவர். கோடிக்கணக்கான வீடுகளுக்கு வெளிச்சம் வர வழி செய்தவர். ஆனால் கடைசிக் காலத்தில் கையில் காசு இல்லாமல், ஓட்டல் அறை ஒன்றில் தன்னந்தனியாக இறந்தவர்.

தண்ணீரில் இறங்கும் பொம்மை விமானம்

இன்று வெளிநாடுகளில் ஒரு வேடிக்கையான பொழுதுபோக்கு உண்டு. தண்ணீரிலிருந்து கிளம்பி, தண்ணீரிலேயே இறங்கும் ஜெட் விமானங்களைச் சிறிய அளவில் செய்து பறக்க விடுகிறார்கள். அமெரிக்கா 1953-ல் ஸீ டார்ட் என்ற ஜெட் கடல் விமானத்தைப் பறக்கவிட்டது. 1954-ல் அது ஒலியையும் மிஞ்சிய வேகத்தில் பறந்தது. பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அப்படி மறைந்துபோன விமானங்களைப் படம் பார்த்து, அளவு பார்த்து, அதே அச்சில் சின்னதாகச் செய்வதில் இவர்களுக்கு ஓர் ஆனந்தம்.

செய்வது சுலபம் அல்ல. தண்ணீர் தெறித்து எஞ்சினுக்குள் போனால் எஞ்சின் அணைந்துவிடும். ஆகவே காற்றை உறிஞ்சும் வாயை விமானத்தின் முதுகில் வைக்கிறார்கள். ஈரத் தட்டு மேஜையோடு ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அது போல விமானத்தின் அடிப்பகுதியைத் தண்ணீர் விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியை உடைக்க அடியில் ஒரு படி வெட்டுகிறார்கள். உள்ளே மண்ணெண்ணெயில் ஓடும் குட்டி ஜெட் எஞ்சின் இருக்கும். அல்லது குழாய்க்குள் மின்சார விசிறி சுழலும்.

இவ்வளவும் செய்த பிறகு விமானத்தை ஓட்டுவது யார்? கரையில் நிற்கும் மனிதர்தான்! அவர் கையில் ஒரு சிறு பெட்டி. அதில் உள்ள குச்சியை அசைத்தால் ரேடியோ அலை கிளம்புகிறது. விமானத்துக்குள் இருக்கும் கருவி அதை வாங்கிக்கொள்கிறது. சின்ன மோட்டார் ஒன்று வாலைத் திருப்புகிறது. விமானம் வளைந்து பறக்கிறது.

இந்த வித்தைக்கு ஆதி குரு டெஸ்லாதான். அவருடைய கதையைக் கேளுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்

1856-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி ஸ்மில்யான் என்ற மலைக் கிராமத்தில் டெஸ்லா பிறந்தார். அப்போது அது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. இப்போது குரோஷியா நாட்டில் இருக்கிறது. பெற்றோர் செர்பிய இனத்தவர். தந்தை மிலுட்டின் மாதா கோவில் பாதிரியார்.

தாயார் ஜூக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நாட்டுக் கதைப் பாடல்களை மனப்பாடமாகச் சொல்வார். வீட்டு வேலைக்கும் நெசவுக்கும் வேண்டிய சிறு சிறு கருவிகளைத் தாமே செய்துகொள்வார். கண்டுபிடிக்கும் புத்தி தமக்குத் தாயிடமிருந்து வந்தது என்று டெஸ்லா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

டேன் என்ற அண்ணன் மிகவும் கெட்டிக்காரன். குதிரையால் ஏற்பட்ட விபத்தில் அவன் இறந்துபோனான். அப்போது நிக்கோலா சிறு பையன். மூத்த மகனை நினைத்து ஏங்கிய பெற்றோருக்கு, இளையவன் என்ன செய்தாலும் மனம் ஆறவில்லை. தான் எதற்கும் லாயக்கில்லையோ என்ற எண்ணம் சிறுவன் மனதில் முள்ளாகத் தைத்தது.

குடை பிடித்துக் குதித்தான்

சும்மா இருக்கும் பையனா அவன்? மரத்துண்டில் வட்டமாக ஒரு சக்கரம் அறுத்தான். ஓடையில் வைத்தான். எல்லா நீர்ச் சக்கரத்திலும் பலகைகள் இருக்கும். அவன் சக்கரத்தில் பலகையே இல்லை, வழுவழுப்பான வட்டம்தான். அதுவும் சுற்றியது! இந்தச் சக்கரத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் வேலை இருக்கிறது.

ஒரு நாள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு கூரையிலிருந்து குதித்தான். பறக்கலாம் என்ற ஆசை. பறக்கவில்லை, விழுந்தான். பல நாள் படுக்கையில் கிடந்தான்.

பிறகு வண்டுகளைப் பிடித்து, மெல்லிய குச்சிகளில் ஒட்டினான். வண்டுகள் சிறகடிக்க, குச்சிகள் சுழல, சின்ன எந்திரம் ஒன்று ஓடியது. அங்கே வந்த வேறொரு பையன் வண்டுகளை எடுத்து உயிரோடு வாயில் போட்டுத் தின்றுவிட்டான்! அதைப் பார்த்து நிக்கோலாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வண்டு எஞ்சின் அத்தோடு தீர்ந்தது.

பிறகு குடும்பம் கோஸ்பிச் என்ற ஊருக்குக் குடி போயிற்று. அந்த ஊருக்குப் புதிதாகத் தீயணைப்பு எந்திரம் வந்தது. ஊரே கூடியது. ஆட்கள் பம்பு அடித்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பெரியவர்கள் விழித்தார்கள். நிக்கோலா ஆற்றில் குதித்தான். உறிஞ்சு குழாய் மடங்கிக் கிடந்தது. அதை நேராக்கினான். தண்ணீர் பீறிட்டது! ஊரார் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

நோய் தந்த வரம்

மகனும் பாதிரியார் ஆக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனுக்கோ எந்திரக் கல்வியில் மோகம். 1873-ல் ஊரில் காலரா பரவியது. டெஸ்லாவும் அதில் விழுந்தார். ஒன்பது மாதம் படுத்த படுக்கை. பிழைப்பது அரிது என்ற நிலை. தம்மை எஞ்சினீயரிங் படிக்கவிட்டால் பிழைத்துவிடுவேன் என்று தந்தையிடம் அவர் மெல்லச் சொன்னார். பாதிரியார் கலங்கிவிட்டார். உலகத்திலேயே சிறந்த கல்லூரிக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார். மகன் எழுந்து உட்கார்ந்தார்!

1875-ல் ஆஸ்திரியாவில் கிராஸ் நகரக் கல்லூரியில் சேர்ந்தார். முதல் ஆண்டு ராப்பகலாகப் படித்தார். பிறகு சூதாட்டம் பிடித்துக்கொண்டது. பட்டம் வாங்காமலே வெளியேறினார். 1879-ல் தந்தை இறந்தார். சீட்டாட்ட வெறி தலைக்கேறியிருந்த சமயத்தில் ஒரு நாள் தாயார் கொஞ்சம் பணத்தைக் கொண்டு வந்து மகன் கையில் வைத்தார். திட்டவில்லை, அழவில்லை. உள்ளதையெல்லாம் சீக்கிரம் தோற்றுவிட்டால் இந்த ஆசை விட்டுப்போகும் என்று மட்டும் சொன்னார். அன்று ஆட்டத்தில் ஜெயித்துத் தாயின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார் டெஸ்லா. அதன் பிறகு சீட்டைத் தொடவில்லை.

மணலில் வரைந்த மோட்டார்

அந்தக் காலத்து மின்சார மோட்டாரில் தீப்பொறி பறக்கும். செப்புத் துண்டுகளில் உரசும் தூரிகைகளே அதற்குக் காரணம். அவை இல்லாமல் மோட்டார் செய்ய முடியாதா என்று கல்லூரியில் கேட்டார் டெஸ்லா. முடியவே முடியாது என்றார் பேராசிரியர்.

டெஸ்லா அதை மறக்கவில்லை. 1882-ல் புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் நண்பரோடு நடந்துகொண்டிருந்தார். அந்தி நேரம். சட்டென்று விடை பளிச்சிட்டது. ஒரு குச்சியை எடுத்து மணலில் படம் வரைந்தார். திசை மாறி மாறிப் பாயும் ஏ.சி. மின்சாரத்தைக் கொண்டு காந்த சக்தியையே சுழல வைக்கலாம். அந்தச் சுழற்சியே மோட்டாரையும் இழுத்துக்கொண்டு சுற்றும். உரசல் இல்லை, பொறி இல்லை!

புளியங்குடி எலுமிச்சைத் தோட்டத்துக் கிணற்றடியில் பம்புசெட் ஓடுகிறதே, அந்த மோட்டாருக்கு மூலம் அன்று மணலில் வரைந்த படம்தான்.

நாலு காசோடு அமெரிக்கா

1884-ல் டெஸ்லா கப்பல் ஏறி நியூயார்க் வந்து இறங்கினார். வழியில் பணமும் மூட்டையும் பறிபோயின. பையில் மிஞ்சியது நாலு சென்ட் காசு, தாம் எழுதிய சில கவிதைகள், பறக்கும் எந்திரம் ஒன்றுக்குப் போட்ட கணக்கு. அவ்வளவுதான்!

புகழ்பெற்ற எடிசனிடம் வேலைக்குச் சேர்ந்தார். எந்திரங்களைச் சீர்திருத்திக் கொடுத்தால் 50,000 டாலர் தருவதாக மானேஜர் வாக்களித்தார். வேலையை முடித்ததும், அது வேடிக்கைக்குச் சொன்னது என்று ஆகிவிட்டது. இதை டெஸ்லா தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் வேலையை உதறினார். சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார். பணம் போட்டவர்கள் அவரையே வெளியே தள்ளினார்கள். பெரும் படிப்புப் படித்த அந்தக் கை, பள்ளம் தோண்டப் போயிற்று. நாள் கூலி 2 டாலர்.

பிறகு நல்ல காலம் வந்தது. 1888-ல் அவருடைய மோட்டாருக்குப் பேட்டண்டு உரிமை கிடைத்தது. வெஸ்டிங்ஹவுஸ் என்ற தொழிலதிபர் அதை வாங்கினார். விற்கும் ஒவ்வொரு குதிரைச் சக்திக்கும் இரண்டரை டாலர் டெஸ்லாவுக்கு என்று ஒப்பந்தம். அது நிலைத்திருந்தால் அவர் குபேரன் ஆகியிருப்பார். ஆனால் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி பண நெருக்கடியில் சிக்கியது. தம்மை நம்பியவர் முழுகிவிடக்கூடாது என்று அந்தப் பங்கையே விட்டுக்கொடுத்தார் டெஸ்லா.

1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சி ஏ.சி. மின்சாரத்தில் ஜொலித்தது. 1896-ல் நயாகரா நீர்வீழ்ச்சியில் எடுத்த மின்சாரம் 20 மைலுக்கு மேல் கம்பியில் பாய்ந்து பஃபலோ நகரை எட்டியது. பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரில் மின்சாரம் எடுத்ததும் இதே முறையில்தான். நயாகராவில் சக்கரம் போடுவேன் என்று சிறு வயதில் மாமாவிடம் சொல்லியிருந்தார். அது பலித்துவிட்டது!

அந்த 1896-ம் ஆண்டில்தான் நம் சுவாமி விவேகானந்தர் நியூயார்க்கில் டெஸ்லாவைச் சந்தித்தார். பிராணன், ஆகாசம் என்ற வேதாந்தக் கருத்துக்களை டெஸ்லா ஆவலோடு கேட்டார்.

படகுக்குள் குரங்கா?

1895-ல் டெஸ்லாவின் ஆராய்ச்சிக்கூடம் தீப்பிடித்து எரிந்தது. கருவிகளும் குறிப்புகளும் சாம்பலாயின. இன்ஷூரன்சு இல்லை. அவர் மறுபடியும் தொடங்கினார். ஜெகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் கண்ணுக்குத் தெரியாத அலையால் தூரத்து மணியை அடிக்கச் செய்து காட்டியதும் அதே 1895-ல்தான். அலையால் மணி அடிக்கலாம் என்றால், ஒரு வாகனத்தையே ஓட்டலாமே!

1898-ல் நியூயார்க் மாடிசன் சதுக்க மண்டபத்தில் மின்சாரக் கண்காட்சி நடந்தது. உள்ளே ஒரு தொட்டியில் தண்ணீர். அதில் இரும்புப் படகு ஒன்று மிதந்தது. சுமார் நாலு அடி நீளம். எந்தக் கம்பியும் அதனோடு சேர்ந்திருக்கவில்லை. டெஸ்லா சற்றுத் தள்ளி ஒரு பெட்டியோடு நின்றார். நெம்புகோலைத் திருகினார். படகு கிளம்பியது. வலப் பக்கம் திரும்பியது. இடப் பக்கம் திரும்பியது. நின்றது. விளக்குகளை ஏற்றி அணைத்தது!

கூட்டம் திகைத்தது. ரேடியோப் பெட்டி என்பதையே மக்கள் அறியாத காலம். மந்திரம் என்றார்கள் சிலர். மனோசக்தி என்றார்கள் சிலர். பழக்கிய குரங்கை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார் என்றும் சிலர் சொன்னார்கள். டெஸ்லாவும் விளையாட்டுக்காரர்தான். யார் வேண்டுமானாலும் படகைக் கேள்வி கேட்கலாம் என்றார். 64-க்குக் கனமூலம் என்ன என்று ஒருவர் கேட்டாராம். படகின் விளக்கு நாலு தடவை மினுக்கியது! மினுக்கச் செய்தவர் டெஸ்லாதான்.

உள்ளே நடந்தது என்ன?

மந்திரம் ஒன்றும் இல்லை. படகுக்குள் பேட்டரிகள், தள்ளும் சக்கரத்துக்கு ஒரு மோட்டார், சுக்கானுக்கு ஒரு மோட்டார். இவற்றோடு உலோகத் தூள் அடைத்த ஒரு சிறு குழாய்.

அந்தக் குழாய்தான் படகின் காது. சாதாரணமாகத் தூள் வழியே மின்சாரம் பாயாது. ரேடியோ அலை வந்து பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும், மின்சாரம் பாயும். உடனே உள்ளே ஒரு வட்டு ஒரு படி நகரும். ஒரு படிக்குச் சுக்கான் வலப் பக்கம் திரும்பும். அடுத்த படிக்கு நிற்கும். அதற்கடுத்த படிக்கு இடப் பக்கம் திரும்பும். ஒவ்வொரு தடவையும் குழாய் தானே தலைகீழாகக் கவிழ்ந்து தூளை உதிர்த்துக்கொள்ளும். அடுத்த உத்தரவுக்குக் காது தயார்!

பேட்டண்டு அதிகாரிக்கு இது நம்பும்படியாக இல்லை. நியூயார்க்குக்கு நேரில் வந்து படகு ஓடுவதைப் பார்த்தார். 1898 நவம்பர் 8-ந் தேதி உரிமை வழங்கப்பட்டது.

அது ஸ்பெயினோடு அமெரிக்கா போர் புரிந்த ஆண்டு. ஆள் இல்லாமல் ஓடும் படகைக் கண்டால் நாடுகள் போருக்கே அஞ்சும் என்று டெஸ்லா நம்பினார். வாஷிங்டனில் ஓர் அதிகாரியிடம் விவரம் சொன்னார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்! படகை வாங்க எவரும் வரவில்லை. இன்று ஆள் இல்லா விமானங்கள் போர்க்களத்தில் பறக்கின்றன. போர் நிற்கவில்லை. டெஸ்லாவின் எந்திரக் கணக்கு பலித்தது. மனிதர்களைப் பற்றிப் போட்ட கணக்குத்தான் பொய்த்துவிட்டது.

இடிந்த கோபுரம்

உலகம் முழுவதற்கும் கம்பி இல்லாமல் செய்தியும் மின்சாரமும் அனுப்ப வேண்டும் என்பது அவருடைய பெரிய கனவு. 1899-ல் கொலராடோ மலைப் பிரதேசத்தில் செயற்கை மின்னலை உண்டாக்கினார். 1901-ல் கோடீசுவரர் மார்கன் 1,50,000 டாலர் கொடுத்தார். நியூயார்க் அருகே 187 அடிக் கோபுரம் எழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மார்கோனி சின்னக் கருவிகளைக் கொண்டே அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி அனுப்பிவிட்டார். மார்கன் மேற்கொண்டு பணம் தரவில்லை. கோபுரம் அரைகுறையாக நின்றது. ஓட்டல் கடனுக்காக நிலம் கை மாறியது. 1917-ல் கோபுரத்தை இடித்தார்கள்.

டெஸ்லா ஓயவில்லை. 1913-ல் அவர் உரிமை பெற்ற டர்பைன் எந்திரத்தில் இலைகளே இல்லை, வழுவழுப்பான தட்டுகள்தான். ஓடையில் சுற்றிய மரச் சக்கரம் நினைவு வருகிறதா? அதுவேதான்! 1928-ல் நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாகக் கிளம்பும் விமானத்துக்குப் பேட்டண்டு வாங்கினார். அப்போது வயது 71. அதைச் செய்து பார்க்கப் பணம் இல்லை. குடை பிடித்துக் குதித்த பையனின் ஆசை காகிதத்தோடு நின்றது.

புறாக்களின் நண்பர்

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் புறாக்களே உறவு. தெருவில் தானியம் தூவுவார். அடிபட்ட புறாவை அறைக்கு எடுத்து வந்து வைத்தியம் செய்வார். 1934 முதல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி மாதம் 125 டாலர் கொடுத்து வந்தது.

1943 ஜனவரி 7-ந் தேதி நியூயார்க் ஓட்டலின் 33-வது மாடி அறையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 86. பக்கத்தில் யாரும் இல்லை. இறுதிச் சடங்குக்கு மட்டும் இரண்டாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள்.

ஐந்து மாதம் கழித்து, ஜூன் 21-ந் தேதி, அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு அளித்தது. மார்கோனியின் முக்கியமான ரேடியோ பேட்டண்டு ஒன்றில் பெரும் பகுதி செல்லாது. அவருக்கு முன்பே டெஸ்லா, லாட்ஜ், ஸ்டோன் ஆகியோர் அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள் என்றது. கேட்டு மகிழ டெஸ்லா இல்லை!

1960-ல் காந்தப் புல வலிமையை அளக்கும் அலகுக்கு டெஸ்லா என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் உடம்பைப் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் காந்த சக்தியை இன்றும் அந்தக் கணக்கில்தான் சொல்கிறார்கள்.

அடுத்த மழைக்குக் குளம் நிரம்பும். உங்கள் பிள்ளை காகிதக் கப்பல் விடுவான். அதைக் கரையிலிருந்தே திருப்ப முடியுமா என்று அவன் கேட்டால், அதட்டி அனுப்பிவிடாதீர்கள். அதே கேள்வியை வைத்துக்கொண்டு ஒருவர் படகு ஓட்டினார் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அவருடைய தாய்க்கு எழுத்துத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.